அலிபி என்றால் பொய்ச்சாக்கா?

தக்கலையிலிருந்து ஒரு வாசகர்: "என் மகளின் ஆங்கில நோட்டில் அலிபி என்ற சொல்லுக்குப் 'பொய்ச்சாக்கு' என்று எழுதியிருக்கிறாள். டீச்சரும் சரி போட்டிருக்கிறார். துப்பறியும் கதைகளில் நான் படித்த வரை அதற்குப் பொருள் வேறு. எது சரி?"

9 ஜூன் 2025

பாதி சரி. அரை மார்க் போட்டிருக்கலாம்.

அலிபி லத்தீன் சொல், 'வேறோர் இடத்தில்' என்பது அதன் நேர்ப்பொருள். குற்றம் நடந்த நேரத்தில் நான் அங்கே இல்லை, இன்ன இடத்தில் இருந்தேன் என்று எதிரி சொல்வதுதான் அலிபி. (கோர்ட் பாஷையில் எதிரி என்றால் குற்றம் சாட்டப்பட்டவர். பகையாளி என்று நினைத்துக்கொண்டு சம்மனைக் கையில் வாங்க மாட்டேன் என்று சண்டை போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.) நாகர்கோவிலில் வக்கீல் குமாஸ்தாவாகவே காலத்தை ஓட்டியவன் நான். இந்த வாதம் மெய்யாகவும் வரும், பொய்யாகவும் வரும். வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவனை வழக்கில் சேர்த்துவிட்டால் அவன் சொல்லும் உண்மைக்கும் பெயர் அலிபிதான்.

சாக்கு வேறு சங்கதி. சாக்கு சொல்பவன் நடந்ததை ஒத்துக்கொண்டுவிட்டுத்தான் வாயைத் திறக்கிறான். வரவில்லை, ஆமாம், ஏனென்றால் மழை. கடன் கட்டவில்லை, ஆமாம், ஏனென்றால் ரப்பர் விலை இறங்கிவிட்டது. அலிபிக்காரன் அந்த 'ஆமாம்' என்ற வார்த்தையையே சொல்ல மாட்டான்.

9 ஜூன், இரவு

டீச்சருக்காகவும் கொஞ்சம் பேச வேண்டும். ஆங்கிலத்தில் இந்தச் சொல் 18ஆம் நூற்றாண்டில் நுழைந்தபோது பெயர்ச்சொல்லாகக்கூட இல்லை. 'அவர் அப்போது அலிபி இருந்தார்' என்கிற மாதிரி வினையடையாகத்தான் எழுதினார்கள். அப்புறம் வாதத்துக்கே அது பெயராகிவிட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காக்காரர்கள் அதைக் கோர்ட்டிலிருந்து தெருவுக்கு இழுத்து வந்தார்கள். 1915இல் ரிங் லார்ட்னர் எழுதிய பேஸ்பால் கதை ஒன்றின் நாயகனுக்கு 'அலிபி ஐக்' என்றே பட்டப்பெயர். பந்தைப் பிடித்தாலும் விட்டாலும் அவனிடம் ஒரு காரணம் தயாராக இருக்கும். அதற்குப் பிறகு எதற்கெடுத்தாலும் சாக்கு சொல்கிறவனுக்கு அமெரிக்காவில் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. அகராதிகளும் சாக்கு என்ற பொருளை ஏற்றிக்கொண்டன. பழைய ஆட்களுக்கு அது பிடிக்கவில்லை, கோர்ட் சொல்லைக் கெடுத்துவிட்டார்கள் என்று முறைத்தார்கள்.

ஆகவே பேச்சு வழக்கில் சாக்கு என்பது இருக்கிறது. ஆனால் முதல் பொருளை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும், அதுவும் 'பொய்'யை முன்னால் ஒட்டவைத்துச் சொல்லிக்கொடுத்தால், அந்தப் பிள்ளை பிற்பாடு செய்தித்தாளில் ஒரு கொலைவழக்கைப் படிக்கும்போது ஆளைக் குற்றவாளி என்றே முடிவுகட்டிவிடும். என் வருத்தம் அதுதான்.

11 ஜூன்

"நம் சட்டத்தில் அலிபிக்கு என்ன பிரிவு?" என்று மார்த்தாண்டத்திலிருந்து ஒரு சட்டக்கல்லூரி மாணவர் கேட்டிருக்கிறார்.

தம்பி, புத்தகத்தைத் திறந்து தேடினால் அந்தச் சொல் உங்களுக்கு அகப்படாது. 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தை எழுதிய ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் லத்தீனைத் தொடாமல் சுற்றி வளைத்துச் சொல்லியிருக்கிறார். வழக்கில் கேள்விக்குரிய சங்கதியோடு பொருந்தாத ஒரு சங்கதி இருந்தால் அது தொடர்புடைய சங்கதி, அதாவது கோர்ட்டில் சாட்சியமாக வைக்கலாம். இதுதான் 11ஆம் பிரிவின் சாரம். அதற்கு அவர் கொடுத்த உதாரணம்: இன்ன நாளில் கல்கத்தாவில் அ என்பவன் குற்றம் செய்தானா என்பது கேள்வி, அன்றைக்கு அவன் லாகூரில் இருந்தான் என்பது தொடர்புடைய சங்கதி.

லாகூர் பாகிஸ்தானுக்குப் போன பிறகும் அந்த அ அங்கேயேதான் உட்கார்ந்திருந்தான். 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்திருக்கும் பாரதிய சாக்ஷிய அதிநியத்தில் இது 9ஆம் பிரிவு. இப்போது குற்றம் நடக்கும் ஊர் சென்னை, அ இருக்கும் இடம் லடாக். புதுச் சட்டத்தில் என்ன மாறியிருக்கிறது என்று யாராவது கேட்டால் நான் முதலில் இதைத்தான் சொல்வேன். வக்கீல்மார் சிரிப்பார்கள்.

நிரூபிக்கும் பாரம் யார்மேல் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய சட்டத்தில் 103ஆம் பிரிவு, புதியதில் 106. வேறிடத்தில் இருந்தேன் என்று சொல்கிறவன்தான் அதைக் காட்ட வேண்டும்.

11 ஜூன், சற்று நேரம் கழித்து

அதே தம்பி மறுபடியும்: "அப்படியானால் அலிபி தோற்றுவிட்டால் தண்டனைதானே?"

இல்லை. ஊரில் பாதிப் பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள். எதிரி அந்த இடத்தில் இருந்தான் என்பதை முதலில் அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும். அதைச் செய்த பிறகுதான் எதிரியின் அலிபியை எடைபோடும் வேலையே வரும். பினய் குமார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. தண்டனைச் சட்டத்தில் உள்ள விதிவிலக்குகளில் ஒன்றல்ல அலிபி, சாட்சியச் சட்டத்தின் ஒரு விதி மட்டுமே என்பதையும் அங்கேதான் சொன்னார்கள். அலிபியை நிரூபிக்க முடியாமல் போனவன் பொய்யன் என்றுகூடச் சொல்ல முடியாது. நள்ளிரவில் சொந்த வீட்டில் தனியாகத் தூங்கியதற்கு யாரைச் சாட்சியாகக் கூப்பிடுவது?

12 ஜூன்

உச்சரிப்பு: ஆங்கிலேயர் வாயில் 'ஆலிபை' என்று வரும். நம்முடைய கோர்ட் வராந்தாவில் 'அலிபி'. இரண்டையும் நீதிபதிகள் புரிந்துகொள்கிறார்கள். அடுத்த கேள்விக்குப் போகலாம்.

14 ஜூன்

குளச்சல்காரர் ஒருவர், "எங்களுக்கு நல்ல அலிபி கடல்தான். கடலில் கிடந்தேன் என்று சொன்னால் யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?" என்று எழுதியிருக்கிறார்.

நல்லாத்தான் இருக்கிறது, ஆனால் காலண்டரைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் அண்ணே. நம் குமரி மாவட்டத்துக்கு இரண்டு கடற்கரைக் கணக்கு. கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் இன்றைய தேதி வரை. சின்னமுட்டம் விசைப்படகுகள் இனி கிளம்பிவிடும். மேற்கே, உங்கள் குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம், ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடை. ஜூலை நடுவில் ஒரு அடிதடி வழக்கில் 'நான் விசைப்படகில் மீன்பிடிக்கப் போயிருந்தேன்' என்று ஒரு குளச்சல்காரர் சொன்னார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடிதடியிலிருந்து தப்பிக்கப் போய்த் தடைமீறலை அவரே வாயால் ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். வள்ளம், கட்டுமரம் என்றால் பரவாயில்லை.

இன்னொன்று. நம் மாவட்டம் அலிபிக்கு லாயக்கில்லாத மாவட்டம். மொத்தமே 1,672 சதுர கிலோமீட்டர். களியக்காவிளையில் ஒருவனை அடித்துவிட்டு அன்று சாயங்காலமே தோவாளைச் சந்தையில் பிச்சிப்பூ வாங்கிக்கொண்டு நிற்கலாம். 'நான் தோவாளையில் நின்றேன்' என்று மட்டும் சொன்னால் எதிர்த்தரப்பு வக்கீல் உடனே கேட்பார்: எத்தனை மணிக்கு? பஸ்ஸிலா, பைக்கிலா? எந்தக் கடையில் வாங்கினீர்? குற்றம் நடந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கவே முடியாது என்கிற அளவுக்கு இடமும் நேரமும் இறுகி நிற்க வேண்டும். ஸ்டீபன் சும்மாவா கல்கத்தாவையும் லாகூரையும் பிடித்தார்? ஏதோ ஒரு வேற்றூர் என்று சொல்வது போதாது, எட்ட முடியாத ஊராக இருக்க வேண்டும்.

15 ஜூன்

"செல்போன் டவர் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?" என்று கேட்கிறார்கள்.

போன் எங்கே கிடந்தது என்பதற்குத்தான் டவர் சாட்சி. போனை வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டு ஆள் வெளியே போக எவ்வளவு நேரம் ஆகும்? கேமரா பதிவு அதைவிட மேல், முகம் தெரியும். ஆனால் கடைக்காரர்களின் கேமராவில் பழைய பதிவு சில வாரத்தில் தானாக அழிந்து புதுப் பதிவு ஏறிவிடும். நிஜமாகவே வேறிடத்தில் இருந்தவர்கள் ஏமாந்துபோவது இங்கேதான். 'எப்படியும் உண்மை ஜெயிக்கும்' என்று ஜாமீனில் வெளியே வந்து கோயிலுக்குப் போவார்கள். கேமரா வைத்திருக்கும் கடைக்குப் போக மாட்டார்கள். சம்பவம் நடந்த அந்த வாரமே போய்ப் பதிவை எடுத்துவிட வேண்டும். அதோடு, பதிவு எந்தக் கருவியில் எப்படி எடுக்கப்பட்டது என்று உறுதி சொல்லும் சான்றும் வேண்டும். பழைய சட்டத்தில் 65பி சான்று, இப்போது 63ஆம் பிரிவு நான்காம் உட்பிரிவு. சான்று இல்லாத பென் டிரைவைக் கொண்டுவந்து நின்றவர்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டிருக்கிறேன்.

16 ஜூன்

சாக்குக்கு வருவோம். ஆசையாக எழுத வேண்டிய இடம் இதுதான்.

கோர்ட்டில் அலிபி எப்போதாவது வரும், சாக்கு தினமும் வரும். காலை பத்தரைக்கு முன்னால் வக்கீல் போனில் ஒரே ஒரு எண்ணைச் சொல்வார்: "முன்னூத்திப் பதினேழு போட்டிரும்." எதிரி இன்று நேரில் வர முடியவில்லை, மன்னிக்க வேண்டும் என்ற மனு அது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 317ஆம் பிரிவு. புதுச் சட்டத்தில் 355 ஆகிவிட்டது, ஆனால் வாயில் இன்னும் 317தான் வருகிறது. மனுவில் பெரும்பாலும் காரணத்தை எழுதுவது குமாஸ்தாவின் கற்பனை வளம். காய்ச்சல் என்பது பொதுச்சொத்து. வயிற்றுப்போக்கு என்று எழுதினால் மேற்கொண்டு யாரும் விசாரிப்பதில்லை. இடுப்புவலி கொஞ்சம் ஆபத்து, அடுத்த வாய்தாவுக்கு ஆள் குனிந்து நடந்து வர வேண்டியிருக்கும்.

கடுங்காய்ச்சல் என்று நான் மனு போட்ட ஒரு ஆள், அதே காலை கோர்ட் ரோட்டு டீக்கடையில் ரசவடை தின்றுகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும், "அண்ணாச்சி, எனக்கு இண்ணைக்கு என்ன சோக்கேடு எழுதியிருக்கிய?" என்று கேட்டான். காய்ச்சல் என்றேன். கையிலிருந்த வடையைச் சட்னியில் நன்றாகத் தோய்த்து வாயில் போட்டுவிட்டு, கழுத்தில் கிடந்த துவர்த்தை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டான்.

விளவங்கோடு பக்கத்துப் பழைய ஆட்கள் வாய்தாவை 'அவதி' என்பார்கள். கேஸ் அவதிக்கு வைத்திருக்கிறது என்பார்கள். திருவிதாங்கூர்க் காலத்து வழக்கு, மலையாளத்தில் இன்றும் அப்படித்தான். மதுரையிலிருந்து புதிதாக வந்த ஒரு வக்கீல் அதைக் கேட்டுவிட்டு, 'கேஸ்காரருக்கு அவ்வளவு கஷ்டமா?' என்று உருகிப்போனார். ஒருவகையில் அவர் புரிந்துகொண்டதுதான் சரி.

16 ஜூன், இரவு

வாய்தா வாங்கும் கலை நாம் கண்டுபிடித்ததல்ல. 12, 13ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கோர்ட்டுக்கு வராததற்குச் சட்டம் ஏற்கும் சாக்குகளை வகைபிரித்தே வைத்திருந்தார்கள். அதற்கு 'எஸ்ஸாய்ன்' என்று பெயர். வரும் வழியில் நோய் என்பது ஒன்று, படுத்த படுக்கை என்பது வேறொன்று. கடல் கடந்திருக்கிறார், அரசர் பணியில் இருக்கிறார், புனித பூமிக்கு யாத்திரை போயிருக்கிறார் என்பவையும் உண்டு. படுக்கை என்று சொன்னால் நிஜமா என்று பார்த்துவர நைட் பட்டம் பெற்ற வீரர்கள் நான்கு பேரை அனுப்புவார்கள். நோய் நீண்டது என்று அவர்கள் உறுதி சொன்னால் ஓராண்டும் ஒரு நாளும் அவகாசம் கிடைக்கும். ஆனால் அதுவரை அனுமதியில்லாமல் படுக்கையை விட்டு எழுந்து திரிந்தால் பிடித்துவிடலாம். ரசவடைக்காரனை அங்கே கொண்டுபோய் விட்டால் என்ன ஆகியிருப்பான்!

குளச்சல் அண்ணன் சொன்ன கடலும் அந்தப் பட்டியலில் இருக்கிறது பாருங்கள். அங்கே அது அலிபியும் சாக்கும் ஒன்றாகப் பிணைந்தது. நான் வேறிடத்தில் இருக்கிறேன், *அதனால்* வர முடியவில்லை. இதை எழுதும்போதுதான் எனக்குத் தோன்றுகிறது, 9ஆம் தேதி நான் கட்டிய வேலி அவ்வளவு உயரமில்லை. ஆள் வரவில்லை என்பதே குற்றச்சாட்டாக இருக்கும் இடத்தில் வேறிடம் என்பதே சாக்காகிவிடுகிறது. அமெரிக்காக்காரன் இரண்டையும் ஒன்றாக்கியதில் ஒரு நியாயம் இருக்கிறது.

18 ஜூன்

ஆஃபீசில் வேலைபார்க்கும் ஒரு தங்கச்சி, "அந்த வகையில் நம்மூரில் நம்பர் ஒன் துஷ்டிதான்" என்று எழுதியிருக்கிறார். சத்தியமான வார்த்தை. துஷ்டி கேட்கப் போனேன் என்றால் வேறிடமும் ஆயிற்று, சாக்கும் ஆயிற்று. யாரும் குறுக்கு விசாரணை செய்ய முடியாது. 'யார் செத்தது?' என்று கேட்பதே அநாகரிகம். 'அம்மைக்க வகையில ஒரு ஆளு' என்று சொன்னால் போதும், அம்மைக்க வகை என்பது ஆரல்வாய்மொழியிலிருந்து பாறசாலை வரை பரந்து கிடக்கும்.

நோய் என்று பொய் சொல்லி வேலைக்குப் போகாமல் இருப்பதற்கு ஆங்கிலத்தில் தனி வினைச்சொல் உண்டு, 'மாலிங்கர்'. முதலில் பட்டாளத்துக்காரர்களைப் பற்றித்தான் அதிகம் சொன்னார்கள். தக்கலை நண்பர் தேடுவது பொய்ச்சாக்குக்கு ஒரு சொல் என்றால், பொய்நோய்க்கு அதுதான் கச்சிதம்.

19 ஜூன்

பொதுவான பொய்ச்சாக்குக்கு? 'பிரிடெக்ஸ்ட்' என்பேன். லத்தீனில் முன்னால் நெய்து தொங்கவிடுவது என்று பொருள். உள்ளே ஒரு நோக்கம், வெளியே அதை மறைக்க ஒரு துணி. முக்கியமான வித்தியாசம் என்னவென்றால் சாக்கு பெரும்பாலும் செய்யாமல் விட்டதற்கு வரும், பிரிடெக்ஸ்ட் செய்யப்போவதற்கும் வரும். கல்யாணப் பத்திரிகை கொடுக்கிற சாக்கில் வீட்டுக்குள் வந்து நிலத்தகராறைப் பேசுவது பிரிடெக்ஸ்ட். நம் 'சாக்கில்' என்ற அந்த 'இல்' வேற்றுமை இந்த வேலையை அழகாகச் செய்கிறது. சாக்கு சொன்னான் என்பது வேறு, அந்தச் சாக்கில் வந்தான் என்பது வேறு.

19 ஜூன், மறுபடியும்

பழமொழி கேட்டவர்களுக்கு. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாள், இது எல்லாருக்கும் தெரியும். அலிபி ஐக் பிறப்பதற்கு எத்தனையோ காலம் முன்பே அவனுக்கு அக்காள் இங்கே இருந்திருக்கிறாள். நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினது சாக்கு, இது அதைவிடக் கூர்மை. வழுக்கியதும் உண்மை, குதிரை நொண்டி என்பதும் உண்மை. விழுந்ததற்குக் காரணமாக எதைச் சொல்கிறோம் என்பதில்தான் கள்ளம். நொண்டிச் சாக்கு என்று நாம் சொல்வதை இந்தப் பழமொழியோடு சேர்த்துப் படித்தால் ருசியாக இருக்கும்.

வள்ளுவர் 'கரப்பு' என்கிறார். இருப்பதை ஒளித்துவிட்டு இல்லை என்பது. 'கரப்பவர்க்கு யாங்கொளிக்கும் கொல்லோ இரப்பவர் சொல்லாடப் போஒம் உயிர்.' இல்லை என்ற சொல்லைக் கேட்டதும் கேட்டவனுக்கு உயிர் போகிறது, சொன்னவனுடைய உயிர் மட்டும் எங்கே போய் ஒளிந்துகொள்ளுமோ என்கிறார். உயிரையே வேறிடத்தில் கொண்டுபோய் ஒளித்துவைக்கிறான் இல்லையா, அலிபிக்கு இதைவிடப் பக்கத்தில் ஒரு குறளை என்னால் காட்ட முடியாது. இழுத்துப் பொருத்துகிறீர் என்று தமிழாசிரியர்கள் யாராவது சண்டைக்கு வந்தால் வரட்டும்.

22 ஜூன்

ஜெர்மனியில் இருக்கும் வடசேரிக்காரர் ஒருவர் சொன்னது: அங்கே 'அலிபிஃப்ராவ்' என்று ஒரு சொல் புழங்குகிறது. 'அலிபிப் பெண்' என்று வைத்துக்கொள்ளலாம். ஆண்களே நிறைந்த குழுவில், பார்த்தீர்களா எங்களிடமும் பெண் இருக்கிறார் என்று காட்டுவதற்காக ஒருவரை மட்டும் உட்கார வைப்பார்களே, அவர். நம் ஊர் உள்ளாட்சியில் தலைவி நாற்காலியில் மனைவியும் கையெழுத்து அதிகாரத்தில் கணவனுமாக நடக்கும் கூத்துக்கு இது முழுசாகப் பொருந்தாது, ஆனால் பக்கத்து வீடு.

23 ஜூன்

கடைசியாக ஒரு கேள்வி, அருமனையிலிருந்து. "வீட்டுக்காரர்கள் சொல்லும் அலிபியைக் கோர்ட் நம்புமா?"

சொந்தக்காரர் என்பதற்காகவே சாட்சியைத் தள்ள மாட்டார்கள். கொஞ்சம் உன்னிப்பாகப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். ஒரு அடிதடி கேஸ் ஞாபகம் வருகிறது. எங்கள் ஆள் சம்பவ நேரத்தில் மாமியார் வீட்டில் மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தான் என்பது வாதம். நிஜமாகவே இருந்தான் என்றுதான் நான் இப்போதும் நம்புகிறேன். மாமியார் கூண்டில் ஏறினார். தேதி, நேரம், யார் யார் இருந்தார்கள், எல்லாம் பிசகாமல் வந்தது. அரசு வக்கீல் எழுந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அண்ணைக்கு என்ன கறி வெச்சிய?"

"உள்ளித்தீயல்" என்றார் அம்மாள், கொஞ்சம் பெருமையாகவே.

அவருக்கு முன்னால் சாட்சி சொன்ன மைத்துனன், மரச்சீனியும் மீன்குழம்பும் சாப்பிட்டோம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். கோர்ட் முழுக்கச் சிரிப்பு. எங்கள் வக்கீல் என்னைப் பார்த்தார், நான் கேஸ் கட்டைப் புரட்டுகிற மாதிரிக் குனிந்துகொண்டேன். வெளியே வந்ததும் அம்மாள் மைத்துனனைப் பிடித்துக்கொண்டார்: "எலே, மீன்குழம்பு தலேநாளு வெச்சதுல்லா, சட்டியில கிடந்தத எடுத்துத் தின்னது நீ மட்டுந்தானே."

அலிபியை நீதிபதி ஏற்கவில்லை. ஆனால் ஆள் விடுதலை. பார்த்ததாகச் சொன்ன அரசுத் தரப்புச் சாட்சி, சம்பவ இடத்துக்கு எப்படிப் போவது என்றே தெரியாமல் திருதிருவென்று முழித்துவிட்டார்.